ஐந்து பிறந்த இடம்

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. மருத்துவமனைக் கணினிகளுக்கு டிஸ்க் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

"எக்ஸ்ரே எதுவும் சேவ் ஆகலைக்கா. பிழை எண் அஞ்சுன்னு வருது. அப்படின்னா டிஸ்க் போச்சாம். சாயங்காலத்துக்குள்ள வாங்கின டிஸ்க் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டு, நானும் வேற வேலை பாத்துக்கணுமாம். மேலாளர் சொல்லிட்டார்."

இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலில் பிழை தேடுவது அந்த அக்காவின் வேலை. நிதானத்துக்காக ஆமை என்று பெயர். அவளுடைய உதவியாளன் பட்டாசு.

"புது டிஸ்க் போட்டுப் பாத்துடலாம்," என்று அவன் எழுந்தேவிட்டான்.

"உக்காருடா. ஏம்மா, ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் எங்க சேவ் ஆகுது?"

"அதே டிஸ்க்லதான். அதெல்லாம் ஒழுங்கா ஆகுது."

கைப்பேசி அடித்தது. "ஒண்ணுமில்லங்க, அப்புறம் பேசறேன்," என்றாள் வந்தவள், தன் கணவனிடம். குரலில் சிரிப்பைக்கூட வரவழைத்திருந்தாள். மாடிப்படி ஏறும்போதே தவறு தன்னுடையதுதான் என்று அவள் பாதி நம்பிவிட்டிருந்தாள். ஆமை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"டிஸ்க் கெட்டா கெர்னல் சும்மா இருக்காது, பதிவுல புலம்பித் தள்ளும். இங்க ஒரு வரிகூட இல்ல."

"அப்ப அஞ்சைச் சொன்னது யாரு?" என்றான் பட்டாசு.

"அதான் கேள்வி. நிரலோட ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபங்ஷன். கீழ இருக்கிற ஃபங்ஷன் ஒரு எண்ணைச் சொல்லும். மேல இருக்கிறதெல்லாம் அதை வாங்கி வாங்கிக் கைமாத்தும். கைமாத்தினவனைப் பிடிச்சு உதைச்சு என்ன பிரயோஜனம்? முதல்ல சொன்னவனைப் பிடிக்கணும்."

ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த எண்ணோடு திரும்புகிறது என்று பதிவாகும்படி செய்துவிட்டு, ஒரு எக்ஸ்ரேயைச் சேமிக்கச் சொன்னாள். வரிகள் ஓடி நின்றன. அடிமட்டத்திலிருந்து படித்துக்கொண்டே வந்த ஆமையின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"டிஸ்க்ல கோப்புகளை அடுக்கி வைக்கிற கோப்பு முறைமை நூத்தி இருபத்திரண்டுன்னு சொல்லுது. எக்ஸ்ரே பிரிவுக்கு ஒதுக்கின இடம் தீந்துபோச்சுன்னு அர்த்தம். அதான் மத்தவங்களுக்குச் சேவ் ஆகுது. மேல, படங்களைப் பூட்டிவைக்கிற குறியாக்க அடுக்கு அதை வாங்கிக்கிட்டு அஞ்சுன்னு சொல்லுது. அஞ்சு பிறந்த இடம் அதுதான்."

"அதை எழுதினது யாரு?"

"வரிக்கு மேலயே பேரு இருக்கு பாரு. கூட்டிட்டு வா."

மேலாளர் வந்தார். கீழே என்ன பிழை வந்தாலும் மேலே ஐந்து என்றே அனுப்பும் தன் வரியைத் திரையில் படித்தார். பிடரியைத் தடவிக்கொண்டார்.

"அவசரத்துல எழுதினது. அப்புறமா பிரிச்சுக்கலாம்னு விட்டேன்... டிஸ்க் எதையும் அனுப்ப வேண்டாம்மா. நீங்களும் எங்கயும் போக வேண்டாம்."

ஒதுக்கீட்டை அவரே கூட்டினார். யாரோ ஒரு குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் சேமிக்கப்பட்டு வெள்ளையாகத் திரையில் நின்றன.

"நான் புது டிஸ்க் போட்டிருந்தா?" என்றான் பட்டாசு.

"அதுலயும் ஒதுக்கின இடம் தீர்ற வரைக்கும் வெடிச்சிருப்ப. அப்புறம் புஸ்ஸுதான்."

வரியைத் திருத்த ஆரம்பித்தாள் ஆமை: கீழே என்ன சொன்னார்களோ அதையே மேலே சொல்.

கைப்பேசி மறுபடி அடித்தது.

"ஒண்ணு..." என்று கணவனிடம் தொடங்கியவள் நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தாள்.

"காலையில வேலை போயிடுச்சுன்னே நெனச்சேங்க. ரொம்ப பயந்துட்டேன். முழுசா சொல்றேன், கேளுங்க."