கை இறங்கும் வரை

டேப் மெஷினின் இடப்பக்கச் சுருள் இளைக்கவே இல்லை என்பதை முதலில் கவனித்தவன் பச்சைமுத்து. அரை மணி நேரத்தில் தீர வேண்டிய டேப். அது சுழன்றுகொண்டேதான் இருந்தது.

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு பழைய ஹால். 1994, ஞாயிறு மதியம். ஆட்டோ சத்தம் ரெக்கார்டிங்கில் விழக்கூடாதென்று ஜன்னல்களில் மெத்தைகளைத் திணித்து, மின்விசிறிகளை நிறுத்தி, கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். பதினாறு பேர் கொண்ட ஜாஸ் பேண்டு, எதிரே இருநூறு ரசிகர்கள், பித்தளை பாலிஷோடு கலந்த வியர்வை நாற்றம். நீலசந்திராவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ட்ராம்போன் ஊதுகிற பச்சைமுத்துவின் பெயர் கேசட் அட்டையில் வரப்போகிறது. கேலி செய்த மச்சான்மார் வாயைப் பிளக்கப் போகிறார்கள். ஆசை யாரை விட்டது?

கடைசிப் பாட்டு உச்சத்துக்கு ஏறியதும் லீடர் நோயல் வலது கையை உயர்த்தினார். அந்தக் கை இறங்கும்வரை கடைசி நான்கு வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், ஒருவர் நிறுத்தினாலும் டேப் வீண் என்று ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார். முதல் பத்து சுற்று ஆனந்தம்தான். டிரம்ஸ் நெஞ்சுக்குள் இடித்தது, டிரம்பெட்டுகள் கூரையைத் தூக்கின, ஜனம் எழுந்து நின்று தாளத்துக்குக் கைதட்டியது.

நூறாவது சுற்றுக்குப் பிறகு அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். உதடு வெடித்து உப்புக் கரித்தது. பக்கத்தில் சாக்ஸபோன் வாசிக்கும் உமேஷ் ஒரு மூச்சு இடைவெளியில், "முடியல குரு," என்றான். புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. பச்சைமுத்து நோயலைப் பார்த்தான்.

நோயல் அழுதுகொண்டிருந்தார். உயர்ந்த கையை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்.

"இறங்க மாட்டேங்குது பச்சை," என்றார். "நீங்களாச்சும் நிறுத்துங்கப்பா."

நிறுத்தத்தான் பார்த்தான். முடியவில்லை. உமேஷின் தலை மார்பில் சரிந்தது. விரல்கள் விரிந்து மடியில் கிடந்தன. சாக்ஸபோனின் பொத்தான்கள் மட்டும் தாமாக அழுந்தி எழுந்தன. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

பச்சைமுத்து பலம் கொண்ட மட்டும் ட்ராம்போனை வாயிலிருந்து பிய்த்தான். உதட்டுத் தோல் அதோடு போனது. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தான்.

வாயிலிருந்து ட்ராம்போன் ஒலித்தது. சுத்தமாக. சுருதியோடு.

வாயை மூடப் பார்த்தான். மூடவில்லை. அவன் கேட்காமலே மார்பு விரிந்து அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தது.

எதிரே இருநூறு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண்ணின் உள்ளங்கைகளில் எலும்பு தெரிந்தது. அவள் அவனையே பார்த்து, ரசித்து, தலையாட்டிக்கொண்டிருந்தாள்.