பொய்வாத்துகளுக்கு நடுவே ஒரு தடம்

கயிறு வாலில் கட்டியிருந்தது.

சபித் அதை முதலில் விரல்களால்தான் கண்டுகொண்டான். விடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. இலி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பல்காஷ் ஏரியைத் தேடிப் போகிற அந்தச் சதுப்பில், இரண்டு ஆள் உயர நாணல் நாலு பக்கமும் அடைத்து நிற்க, மூடுபனி படகின் விளிம்புவரை வந்து உட்கார்ந்திருந்தது. அழுகிய வேர் வாடையும் பலகையில் ஊறிப்போன மீன் வாடையும் மூக்கை அரித்தன. நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க மிதக்கவிடும் ரப்பர் வாத்து மடியில் கிடந்தது. நங்கூரமாகக் கட்டியிருந்த ஈயக்குண்டைப் பிரித்தபோது, கயிறு நெஞ்சுப் பக்கம் போகாமல் பின்னால் போயிற்று. நெஞ்சில் கட்டினால்தான் பொய்வாத்து காற்றைப் பார்த்து மிதக்கும். உயிருள்ள எந்த வாத்தும் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காராது. மேலே பறக்கிற கூட்டத்துக்கு அது ஒன்று போதும், சந்தேகப்பட்டு விலகிப் போய்விடும்.

"சகலை, கயித்த வால்ல கட்டியிருக்கீங்களே?"

படகின் மறுமுனையில் ஓராஸ் கழியை ஊன்றி நின்றிருந்தான்.

"சரியாத்தான் கட்டியிருக்கேன். போடு."

"காத்துக்கு முதுகக் காட்டுமே."

"காட்டிட்டுப் போகட்டும். காலங்காத்தால மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, குல்சாரா வெறும் டீயக் குடுத்து அனுப்பிட்டாளா?"

வழக்கமான சகலைக் கேலிதான். ஆனால் சொன்னவன் சிரிக்கவில்லை.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அந்தப் பெண்களுக்கு ஒரே தம்பி, கைர்பெக். போன அக்டோபரில் ஓராஸோடு இதே இடத்துக்கு வேட்டைக்கு வந்தான். படகில் ஓராஸ் மட்டும் திரும்பினான். ஒன்பது நாள் தேடினார்கள். சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை. கால் தவறி விழுந்துவிட்டான் என்று ஓராஸ் போலீசில் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், சபித்தின் மனைவி குல்சாராவைத் தவிர. "அவர்கூடப் போங்க. அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல வச்சுக் கேளுங்க. வீட்டுல கேட்டா அவரு தரையப் பாத்துத்தான் பேசுறாரு" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட வேட்டைக்குக் கூப்பிடாத ஓராஸ், போன வாரம் தானாகவே போன் பண்ணிக் கூப்பிட்டான். ஏன் கூப்பிட்டான் என்று சபித்துக்கு இன்னும் தெரியவில்லை. ஓராஸின் துப்பாக்கிக் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே ஒரு கண்ணை வைத்திருந்தான்.

பொய்வாத்துகளை எப்படிப் போட வேண்டும் என்று சபித்துக்குத் தெரியும். குதிரை லாடம் மாதிரி வளைத்து, நடுவில் இறங்குவதற்கு இடம் விட்டு, மறைவிடத்திலிருந்து முப்பது தப்படிக்குள் போட வேண்டும். ஓராஸ் அப்படிப் போடவில்லை. எதிர்க்கரை நாணலின் கறுத்த வாயிலிருந்து இரண்டு வரிசை, தெருவுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பதுபோல, மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே வந்தன. கடைசி ஜோடியை மறைவிடத்தின் பலகைக்கு நேர் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இறக்கினான். பொய்வாத்துகள் எல்லாம் வாலால் இழுபட்டுத் திரும்பி, எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றன.

"வாத்து இவ்வளவு கிட்ட வராது, சகலை."

"வரும்."

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" சபித் கேட்டேவிட்டான்.

படகு பலகையில் முட்டி நின்றது.

"ஏறி உக்காரு" என்றான் ஓராஸ். "இடது பக்கமா உக்காரு. வலது பக்கத்த விட்டுடு."

நாணலுக்குள் நாலு கம்பு நட்டு அடித்த பலகை. சபித் தன் துப்பாக்கியோடு ஏறியதும் ஓராஸ் தன் துப்பாக்கியையும் தோள்பையையும் மேலே தூக்கிக் கொடுத்தான். படகை நாணலுக்குள் மறைத்துவிட்டு வருவதாகச் சொன்னான். யாரும் செய்கிறதுதான், படகு வெளியே தெரிந்தால் பறவை இறங்காது. மூடுபனி அவனை மூடிக்கொண்டது. கழி ஊன்றும் சத்தம் தள்ளிப்போய், இன்னும் தள்ளிப்போய், நின்றது.

முதல் கூட்டம் வந்தது. தலைக்கு மேல் சிறகுகள் விசிலடித்தன, இருபதுக்குக் குறையாது. இறங்குவதற்காகச் சிறகை வளைத்தவை, அந்தத் தெருவின் மேலே வந்ததும், சுடப்பட்டது மாதிரி சிதறி உயர்ந்தன. கத்தக்கூட இல்லை.

வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்தது. ஓராஸ் வரவில்லை.

சபித் அவனுடைய துப்பாக்கியை மடக்கிப் பார்த்தான். இரண்டு குழலும் காலி. பையில் தோட்டா இருக்கும் என்று கையை விட்டான். விரலில் பட்டது கம்பளி.

வெளியே எடுத்தான். நீல ஸ்வெட்டர். கழுத்துப் பட்டியில் சிவப்பு நூல். குல்சாரா தம்பிக்குப் பின்னியது, அன்று அவன் போட்டுப்போகாதது. அதற்குக் கீழே மடித்த கால்சட்டை, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, ஒரு துண்டு. எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு. ஒரு தோட்டாகூட இல்லை.

"சகலை!" என்று கத்தினான். "ஓராஸ்! எங்க இருக்கீங்க? இதெல்லாம் என்னது?"

நாணலுக்குள் எங்கிருந்தோ, தூரத்தில், பதில் வந்தது. அழுகிற குரல்.

"அவன் கைய நீட்டுனான் சபித். படகு கவுந்துடும்னு நான் கையக் குடுக்கல."

"படகக் கொண்டாங்க! மொதல்ல படகக் கொண்டாங்க!"

"தெனமும் விடியக்காலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். குளிருதுங்கிறான். ஒத்தையா இருக்க முடியல, தொணைக்கு ஆள் வேணும்கிறான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க... மன்னிச்சிடு, சகலை."

கழி மறுபடி ஊன்றியது. ஒரு தரம். இரண்டு தரம். பிறகு கேட்கவில்லை.

நீந்தலாம் என்று நினைத்தான். காலூன்ற நிலம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எந்தப் பக்கமும் நாணல். சேறு. பனிக்கட்டியாகப் போகிற தண்ணீர்.

அப்போது எதிர்க்கரையில், முதல் பொய்வாத்து தலை குனிந்தது.

காற்று என்று நினைத்தான். காற்று அவன் முதுகில் ஒரே சீராக அடித்தது. அடுத்தது குனிந்தது. அதற்கடுத்தது. கீழே போகிற ஏதோ ஒன்றின் மேல் கயிறுகள் உரசுவதுபோல, இரண்டு வரிசையும், ஒவ்வொன்றாக. தண்ணீரில் அலையில்லை. நடுத் தடம் மட்டும் எண்ணெய் ஊற்றியது மாதிரி வழவழவென்று நீண்டுகொண்டே வந்தது.

தன் துப்பாக்கியை எடுத்தான். சுட்டான். மறுபடி சுட்டான். தண்ணீர் தெறித்து அடங்கியது. நாணல் முழுக்க எதிரொலி ஓடி ஓய்ந்தது.

அடுத்த வாத்து குனிந்தது.

பத்து தப்படி.

ஐந்து.

சேற்று வாடை. பழைய சேறு, யாரும் மிதிக்காத அடிச்சேறு.

பலகைக்குக் கீழே நின்ற ஜோடி இரண்டும் ஒன்றாக முங்கின. மேலே வரவில்லை.

சபித் கண்ணை மூடிக்கொண்டான். பலகையின் ஓரத்தை ஏதோ பிடித்தது. மரம் முனகியது. தண்ணீர் வழிகிற சத்தம், துணியிலிருந்து, நிறைய, நிற்காமல். பிறகு, வீட்டில் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்காரும்போது போன வருஷம்வரை கேட்ட அதே குரல்.

"அத்தான், கொஞ்சம் நகந்து உக்காருங்க."

நகர்ந்தான். தன்னால் நகர்ந்தான்.

வலது பக்கம் பலகை தாழ்ந்தது. ஸ்வெட்டர் அவன் மடியிலிருந்து மெதுவாக உருவப்பட்டது. ஒரு தோள் அவன் தோளில் சாய்ந்தது. குளிர் எலும்புக்குள் இறங்கி, அங்கேயே தங்கி, கொஞ்ச நேரத்தில் குளிராகவே தெரியாமல் போயிற்று.

கண்ணைத் திறந்தபோது சூரியன் வந்திருந்தது. அவன் வலது பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்தான்.

வாத்துகள் வந்துகொண்டிருந்தன. நூறு இருக்கும். சிறகை வளைத்து, காலை நீட்டி, வட்டம்கூட அடிக்காமல் நேராக இறங்கி அந்தத் தடம் முழுக்க நிறைந்தன. சபித் கையை ஆட்டினான். ஒன்றுகூடப் பறக்கவில்லை. கத்தினான், கத்தியதாகத்தான் நினைத்தான்; அந்தக் குளிரிலும் வாயிலிருந்து ஆவி வரவில்லை. ஒரு பச்சைத் தலை வாத்து தாவிப் பலகையில் ஏறி, அவன் காலணியின் மேல் ஒட்டியிருந்த பாசியைக் கொத்தித் தின்றது. பிறகு அவன் மடியில் ஏறி, இறகைக் கோதிக்கொண்டு, தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கத் தொடங்கியது.