ஒன்பது வினாடிக் கதவு

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன நாளில் மழை இல்லை, இடி இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, சமையலறைக் குழாயை இறுக்கி மூடாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து அறைகள். அவற்றுக்கு நடுவே நீண்ட நடைவழி. அதன் கடைசியில் ஒரு வெள்ளைச் சுவர். நாள்பட்ட மரத்தின் வாசனையும் ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் கலந்து, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல ஒரு வெதுவெதுப்பு அங்கே தங்கியிருந்தது.

என் தங்கைக்கு வாசலிலேயே வீடு பிடித்துப்போயிற்று. அவளை நான் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவேன். சிறு உருவம், ஓயாத துறுதுறுப்பு. அவள் படம் வரைவாள், நான் கணினி நிரல் எழுதுவேன். இருவரும் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தோம். ஆளில்லாத வீட்டில் ஒருவர் அறை அறையாக நடந்து ஜன்னல்களைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. அந்த வீட்டையே கேமுக்குள் கட்டினோம். ஒவ்வொரு சுவரையும் அவள் படம் பிடித்தாள். ஒவ்வொரு கதவின் கிறீச்சையும் நான் ஒலிப்பதிவு செய்தேன். நான்கு வருஷம் ஓடியது. பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிறார்கள் என்று அப்பா சொல்லிவந்தார். வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டா என்று அவர்கள் சிரிப்பார்களாம்.

கேம்களை விற்கும் இணையக்கடை ஒன்றில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிடுவதாக நாள் குறித்தோம். அதற்கு முன் கடையைச் சேர்ந்த ஒருவர் கேமை விளையாடிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அவருடைய பதில் வந்தது. ஒரே ஒரு குறை.

"நடைவழியின் கடைசியில் உள்ள கதவு திறக்க ஒன்பது வினாடிகள் ஆகின்றன. கேம் உறைந்துவிட்டது என்று விளையாடுபவர்கள் நினைக்கக்கூடும். சரிசெய்யவும்."

நடைவழியின் கடைசியில் கதவே கிடையாது.

கேமைத் திறந்து நடந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், மற்றக் கதவுகளின் அதே பச்சை நிறத்தில் ஒரு கதவு இருந்தது. திறக்கச் சொல்லி அழுத்தினேன். மெதுவாக, மிக மெதுவாக, உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டு மனமில்லாமல் விடுவதுபோல, அது திறந்தது. ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி. அதில் ஒரு பெண் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒற்றைப் பின்னல், நீலச் சட்டையின் காலர்.

சுண்டெலி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓவியர்கள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதுபோல இவள் தன்னையே உள்ளே வைத்துவிட்டாள், வெளியீட்டு நாளில் என்னைத் திகைக்கவைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நிரலைத் தேடினேன். அந்தக் கதவுக்கு ஒரே ஒரு வரிதான். நான் எழுதும் பாணியிலேயே இருந்தது. கற்றுக்கொண்டுவிட்டாளே என்று பெருமையாகக்கூட இருந்தது. அவள் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று வாயே திறக்காமல், ஒன்பதை ஒன்று என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் எழுந்தபோது கழுத்து சுளுக்கிக்கொண்டது என்றாள் சுண்டெலி. தைலம் தேய்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தோம். அவள் மேஜை சுவரோரம், எனக்கு முதுகு காட்டியபடி. பத்து மணிக்கு வெளியிடும் பொத்தானை அழுத்தினேன். இப்போது விளையாடுபவர்கள் ஏழு என்று காட்டியது. பிறகு நாற்பது, நூற்றுத்தொண்ணூறு. நான்கு வருஷத்தில் இத்தனை பேர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. விமர்சனங்கள் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் அந்தக் கடைசி அறையைப் பற்றித்தான்.

சுண்டெலி திரும்பாமலே அவற்றைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

"எதுக்கு?"

"என்னை அந்த ரூம்ல வச்சதுக்கு. போன வாரமே பார்த்துட்டேன். நீ சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருக்கலாம்னு இருந்தேன்."

"நீதானே வரைஞ்சே?"

"நான் வரையலை."

"விளையாடாதடி."

"நீ விளையாடாதே."

குழாய் சொட்டும் சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது.

அப்போது போன் அடித்தது. பல் டாக்டர். முதலிலிருந்தே எங்கள் கேமைச் சோதித்துக் கொடுத்தவர். ஊசி போட்டு நோயாளியின் வாய் மரத்துப்போகும் இடைவெளியில் பக்கத்து அறையில் உட்கார்ந்து விளையாடுவார். அன்றைக்குக் குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"காலையில திறந்தப்போ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. இப்ப காது தெரியுதும்மா. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் திரும்பறாங்க. எப்படிப் பண்ணினீங்க?"

நான் விமர்சனங்களை மறுபடி பார்த்தேன். சற்றுமுன் வாங்கி, முதல்முறையாகக் கதவைத் திறந்த ஒருவரும் காது தெரிகிறது என்றே எழுதியிருந்தார். அவருக்குப் பின் வந்தவர், கன்னம் தெரிகிறது என்றார். ஒருவர் திறப்பது இன்னொருவருக்கும் சேர்ந்துகொண்டே போனது. எல்லோரும் திறந்துகொண்டிருந்தது ஒரே கதவை.

"சுண்டெலி, இங்கே பாரு."

அவள் அசையவில்லை.

"திரும்ப முடியலைக்கா."

ஓடிப்போய் அவள் நாற்காலியைப் பிடித்துத் திருப்பினேன். நாற்காலி திரும்பியது.

அவள் திரும்பவில்லை.

சுவருக்கும் மேஜைக்கும் இடையே புகுந்து அவள் முன்னால் போய் நின்றேன். பின்னலும் நீலக் காலரும்தான் தெரிந்தன. இடப்பக்கம் வந்தேன். பின்னல். வலப்பக்கம். பின்னல். கேமில் தூரத்து மரங்களுக்கு நாங்கள் செய்யும் தந்திரம் அது. ஒரே ஒரு தட்டையான படம், பார்ப்பவர் எங்கே போனாலும் அது அவரோடு சேர்ந்து திரும்பும். மரம் முழுசாக இருப்பதாக அவர் நம்பிக்கொள்வார். என் தங்கையின் தோளைத் தொட்டேன். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. முகம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அக்கா," என்றாள் எங்கிருந்தோ. "ஜன்னலை யாரு மூடினாங்க?"

நண்பகல் வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

விற்பனையை நிறுத்தும் பக்கத்தைத் திறந்து அழுத்தினேன். கடை பணிவாகப் பதில் சொன்னது. இனி யாரும் வாங்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேம் தொடர்ந்து இருக்கும். இப்போது விளையாடுபவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டு கைகள் அந்தக் கதவில்.

நிரலில் அந்த வரியை அழித்தேன். சேமித்து மறுபடி திறந்தால் அது அதே இடத்தில் இருந்தது. மூன்று தடவை அழித்தேன். மூன்று தடவையும் வந்தது. எண் மட்டும்தான் மாற்றத்துக்கு இடம் கொடுத்தது. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்பதுகளாக அடித்தேன், வரி நிறையும்வரை. கதவு திறக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதை அப்டேட்டாக அனுப்பிவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லிட்டுக்கொண்டே வந்தது. அப்டேட்டுக்காக ஒவ்வொருவராக கேமை மூட, விளையாடுபவர்களின் எண்ணிக்கை இறங்கியது. முந்நூறு. எண்பது. பதினொன்று.

"அக்கா, கையை விட்டுடாதே," என்றாள்.

விடவில்லை. சத்தியமாக விடவில்லை.

ஒன்று.

பூஜ்யம்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பினாள்.

அவள் முகம். அதே மூக்கு, அதே புருவம், கன்னத்தில் பேனா மைக் கறை. கட்டிக்கொண்டு அழுதேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தண்ணீர் கேட்டாள். மூன்று டம்ளர் குடித்தாள். பிறகு எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று, தெருவைப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவரைப் பார்த்துக் கையசைத்தாள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போன் மறுபடி அடித்தது.

"அப்டேட் வந்துடுச்சும்மா," என்றார் பல் டாக்டர். "இப்ப கதவு திறக்கலை. ஆனா அதைவிட இது பிரமாதம். உள்ளேயிருந்து தட்டறாங்க."

"யாரு?"

"அந்தப் பொண்ணுதான். அக்கா, அக்கான்னு கூப்பிடுது. பேஷண்டை உட்கார வச்சுட்டு வந்தேன், திரும்பிப் போகவே மனசு வரலை. உங்க தங்கச்சி குரல்தானே?"

எங்கள் கேமில் மனிதக் குரலே கிடையாது. நாங்கள் ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை.

நடைவழிக்குப் போனேன். கடைசியில் வெள்ளைச் சுவர் எப்போதும்போல இருந்தது. காதை வைத்தேன். சுண்ணாம்பின் குளிர்ச்சி. அதற்கு அப்பால், வெகு தூரத்தில், விரல் எலும்பால் தட்டும் சத்தம். மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று.

லேப்டாப் முன்னறையில் இருந்தது. வரி நிறைய ஒன்பதுகள். அவற்றை அழித்து ஒன்று என்று போட எனக்கு ஒரு நொடி போதும்.

திரும்பினேன். நடைவழியின் மறுமுனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்திருந்தாள், குழந்தையைத் தூக்குவதுபோல.

"திறந்துடாதேக்கா," என்றாள், கெஞ்சலாக. "ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பதான் எழுந்து நடக்கறேன்."