எழுபத்திரண்டு

ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிய ஸ்ரீவத்ஸ், பகல் பன்னிரண்டு மணிக்கு மருத்துவக் கல்லூரியின் பழைய உடற்கூறியல் கூடத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தான். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு மணிக்கு மாடியில் பிசியாலஜி செய்முறைத் தேர்வு. போன முறை கட்டைவிரலை வைத்து நாடி பார்த்து, தன் விரலின் துடிப்பையே எண்ணிச் சொல்லிக் கோட்டை விட்டவன் அவன். இன்றும் தவறினால் ஒரு வருஷம் போச்சு. ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

"வந்துட்டாருப்பா, கட்டைவிரல் டாக்டர்," என்றாள் தேவதர்ஷினி. அவளும் அதே தேர்வில் தோற்றவள்தான்.

"நீ ஃபெயிலானதுக்கு உன் மூளை காரணம். நான் ஃபெயிலானதுக்கு எக்ஸாமினர் காரணம்."

மூன்றாவது மேஜையில் ஒரு முதியவரின் உடல் துணி போர்த்திக் கிடந்தது. பாடம் தொடங்குமுன் உடலின் காலைத் தொட்டுக் கும்பிடுவது அங்கே வழக்கம். ஸ்ரீவத்ஸுக்கு அதெல்லாம் இளப்பம்.

"தொட்டுக் கும்பிட்டுக்குங்க தம்பி," என்றார் கூடத்து ஊழியர் அற்புதசாமி. "காந்தி மார்க்கெட்ல நாப்பது வருஷம் மூட்டை தூக்கினவரு. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆகட்டும்னு அவரே எழுதிக் குடுத்த உடம்பு."

"மூட்டை தூக்கினவர் கால்ல நான் விழணுமா? ஆத்துல சொன்னா சிரிப்பா."

துணியை விலக்கி, அந்தப் பருத்த மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தினான். கடிகாரத்தைப் பார்த்தான். "எழுபத்திரண்டு. பெரியவர் ஜம்முனு இருக்கார்."

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

"கட்டைவிரல் வெச்சா உங்க நாடிதான் தம்பி தெரியும்," என்றார் அற்புதசாமி.

"கூட்டிப் பெருக்குறவர் க்ளாஸ் எடுக்கறார்."

அவரும் சாப்பிடப் போனார். மின்விசிறி மட்டும் முனகியது. சரி, பழகிப் பார்ப்போம் என்று மூன்று விரல்களை வைத்தான். பதனிட்ட தோல் விறைப்பாக இருந்தது.

துடித்தது.

விரலை எடுத்தான். மறுபடி வைத்தான்.

மூட்டையோடு படியேறுகிறவன் கால் வைப்பதுபோல, கனமாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு துடிப்புக்கும் அவன் விரல் நுனி சில்லிட்டது.

ஓடினான்.

ஃபேன் அதிர்வில் மேஜை ஆடியிருக்கும், இதற்குப் போய் ஓடிவந்தாயே மடையா என்று மாடிப்படியில் தன்னையே ஏசிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு எக்ஸாமினர் இருவரையும் ஜோடியாக உட்கார வைத்தார். முதலில் தேவதர்ஷினி அவன் நாடியைப் பார்க்க வேண்டும். மூன்று விரல் வைத்தாள். நகர்த்தினாள். அடுத்த கையை எடுத்தாள்.

"வத்ஸ்," என்று கிசுகிசுத்தாள். "எங்கயுமே கிடைக்கலடா."

எக்ஸாமினர் உதட்டைச் சுழித்தார். "நகரும்மா. அடிப்படையே தெரியல, டாக்டராகணுமாம்." அவன் மணிக்கட்டில் விரல் வைத்தார். பிறகு கழுத்தில் வைத்தார். சுழித்த உதடு அப்படியே நின்றது.

"உன் நாடியை நீயே பாருப்பா."

ஸ்ரீவத்ஸ் மூன்று விரல்களால் பார்த்தான். பிறகு வெட்கத்தை விட்டுக் கட்டைவிரலால் பார்த்தான்.

எதுவும் இல்லை.

வாசலில் அற்புதசாமி வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"சார், கொஞ்சம் கீழ வாங்க. மூணாவது டேபிள்ல துணி மூடப் போனேன். நான் கட்டைவிரல் வைக்கல சார். மூணு விரல்தான் வெச்சேன்."

அந்த மூன்று விரல்களையும் நீட்டிக் காட்டினார்.

"எழுபத்திரண்டு வருது சார்."