ஒரே ஊட்டப்பாய்

பெருந்துறைப் பக்கம் இப்போதெல்லாம் எழவு வீட்டுக்குப் போனால் போன சுருக்கில் திரும்பிவிடலாம். மாலையைப் போட்டோமா, டீயைக் குடித்தோமா, கிளம்பினோமா என்று வேலை முடிந்துவிடும். நெஞ்சில் ஆற்றுப்படலத்தை ஒட்டிக்கொண்ட பிறகு மாரடித்து அழ யாருக்கு வருகிறது? உள்ளங்கை அகலத்தில் கோந்து மாதிரி ஒரு படலம், அதற்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். அவை தின்னும்போது ஒரு மருந்து கசியும், துக்கம் மரத்துப்போகும். ராத்திரி ஊட்டப்பாயில் குப்புறப் படுத்தால் பாயில் ஊறியிருக்கும் சத்துநீரைக் குடித்துச் சேர்த்துக்கொண்டு, பகலெல்லாம் அதே தாளத்தில் தின்றுகொண்டிருக்கும்.

ஒன்பது வயது மகள் இனியாவைக் காய்ச்சலில் பறிகொடுத்த வர்ஷிதாவுக்கும் பிரதோஷுக்கும் மருத்துவமனையிலேயே படலத்தை ஒட்டி, ஆளுக்கொரு பாயும் கொடுத்து அனுப்பினார்கள். வர்ஷிதா ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டாள்.

"புருசனும் பொண்டாட்டியும் தனித்தனிப் பாயில படுத்தா ஊரு என்னங்க பேசும்? ஒண்ணு போதுமுங்க" என்றாள். அங்கே இருந்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே, ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

அப்புறம்தான் வீட்டில் வினை ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் பீரோவுக்கு அடியிலிருந்து இனியாவின் ஒற்றைக் கொலுசு கிடைத்தது. வர்ஷிதா தரையில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். பிரதோஷ் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஊறுகாய் தீந்துருச்சா வர்ஷி?" என்று கேட்டான். அட பாவி மனுசா! மறுநாள் காலையில் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அவன் தேம்பினான். அவள் வெளியே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகிற சத்தம் காதில் விழுந்தது. தண்ணீர் வீணாகிறதே என்றுதான் நினைத்தாள்.

இப்படியே மாதக்கணக்கில் போனது. இவள் அழும்போது அவன் கல்லுப்பிள்ளையார். அவன் அழும்போது இவள். "நீயெல்லாம் ஒரு பெத்தவளா?" என்று அவன் கேட்ட அன்று அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். காங்கேயத்தில் அம்மா வீடு. போனால் திரும்புவதில்லை என்று முடிவு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டை விட்டுப் போவது அப்போது அவளுக்கு வலிக்கவில்லை. படலம் தின்கிற நேரம்.

ஊர் மாறினால் படலத்தைச் சோதித்து அனுப்ப வேண்டும் என்பது விதி. படலப் பராமரிப்புக்காரி நஸீமா அலைமானியோடு வந்தாள். இருவர் நெஞ்சிலும் முனையை வைத்துப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது.

"அக்கா, ரெண்டு பேரும் ஒரே பாயிலயா படுக்கறீங்க?"

"ஆமா. பின்ன?"

நஸீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். "படலத்துல ஓரத்துல இருக்கற உயிருங்க தின்னுட்டே இருந்தா, நடுவுல இருக்கறது பட்டினி கெடக்கும்க்கா. அப்ப நடுவுல இருந்து பொட்டாசியத்தை வெளிய விட்டு மின்சாரமாச் சேதி அனுப்பும். ஓரத்துல இருக்கறது சித்த நேரம் வாயை மூடிக்கும். உள்ள இருக்கறதுக்குச் சத்து போகும். நல்லாத் தீனி இருந்தா இந்த இடைவெளி உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப எங்களுக்கு என்னாச்சு?" என்றான் பிரதோஷ்.

"ஈரப் பாய்ல அந்தச் சேதி இவங்க படலத்துல இருந்து உங்களுதுக்கும் போயிருதுண்ணா. தீனியோ ஒரு ஆளுக்குத்தான் இருக்குது. அதான் ரெண்டும் முறை வெச்சுக்கிச்சு. இது திங்கறப்ப அது மணிக்கணக்கா சும்மா இருக்கும். அப்புறம் அது திங்கும், இது விட்டுக் குடுக்கும்."

"சும்மா இருக்கறப்ப?"

"மருந்து வராது. அழுகை வரும்."

பிரதோஷின் படலம் அப்போது சும்மா இருந்த நேரம். அவன் வர்ஷிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டனே வர்ஷி" என்று விசும்பினான். அவளுக்கு விஷயம் புரிந்தது. அவன் மேல் தப்பில்லை, தன் மேலும் தப்பில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி விழுந்தால் தாங்கிக்கொள்வது மாதிரி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நஸீமா இரண்டாவது பாயைக் கொடுத்துவிட்டுப் போனாள். கட்டிய பெட்டி பிரிக்கப்பட்டது. இரண்டு படலங்களும் வயிறாரத் தின்றன. சண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்க்கிறவர்கள், "இப்பத்தான் பழைய மாதிரி இருக்கறீங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். இனியாவின் துணிமணிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அவள் அறையில் அரிசி மூட்டையும் இஸ்திரி மேசையும் போட்டார்கள். வசதியாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் பால் வாங்கப் போன வர்ஷிதாவை எதிர்வீட்டுச் செண்பகம் நிறுத்தினாள். "ஏங்கண்ணு, பாப்பாவுக்கு வருசம் திரும்பியிருக்குமே, படத்துக்குப் பூப் போட்டு சாமி கும்பிட்டீங்களா?"

அந்த நாள் போன வாரமே போய்விட்டிருந்தது. இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைப் போட்டபோது வர்ஷிதா ஒன்றை யோசித்தாள். ஒரே பாயில் படுத்த நாட்களில், இந்த வீட்டில் எந்த நேரமானாலும் யாராவது ஒருத்தர் அந்தக் குழந்தைக்காக அழுதுகொண்டுதான் இருந்தார்கள். இவள் ஓய்ந்தால் அவன். அவன் ஓய்ந்தால் இவள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, இனியாவை ஒரு பொழுதுகூடத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டன. இப்போது அந்தக் குழந்தைக்கு யாருமில்லை. இது எவ்வளவு கொடுமை என்று வர்ஷிதாவுக்கு நன்றாகவே தெரிந்தது. கண்ணீர் வருமா என்று அடுப்படியில் நின்று காத்துப் பார்த்தாள். தோசைதான் முறுகியது.

"ஏனுங்க" என்றாள் தட்டை வைத்தபடி. "மறுபடி ஒரே பாயில படுத்துக்கலாமுங்களா?"

பிரதோஷ் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை, ஆசையுமில்லை.

"எதுக்கு வர்ஷி? நல்லாத்தான இருக்கறோம்?"

சொல்வதற்கு அவளிடம் காரணம் இருந்தது. இப்போதுதான் முழுசாக யோசித்து முடித்திருந்தாள். ஆனால் அதைச் சொல்லி அவனையும் அழவைத்துத் தானும் அழ வேண்டும் என்கிற அளவுக்கு அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

"அதுவுஞ் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போனாள்.