ஏழாம் நாள் விளக்கு

"அப்பா...!"

யீசுனின் அலறலில் வீடே அதிர்ந்தது.

தைவானின் தைனான் நகரில், அந்தப் பழைய வீட்டில் அன்று ஏழாம் நாள். செத்தவர் வீடு தேடி வரும் நாள். பெரியவர் லாய் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் உருண்டு செத்த மனுஷன், பாவம்! 'கால் தவறியது' என்று எழுதிவிட்டு போலீஸ் தன் வேலையை முடித்துக்கொண்டது.

துக்கம் கேட்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் சியாவ் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்னம்மா?"

"அப்பா ரூம் லைட்டைப் பாருங்க, சார்!"

சுவிட்சை அணைத்தாயிற்று. ஆனாலும் விளக்கு சிமிட்டியது. மங்கலாக... விட்டு விட்டு...!

மருமகன் போவெய்யின் கையிலிருந்து ஊதுபத்தி நழுவியது.

"யீசுன்... அதை அணை!"

"அணைச்சுத்தான் இருக்கு. அப்பா வந்துட்டார்... என்னமோ சொல்றார்!"

மறுபடி சிமிட்டல்.

போவெய் தடாலென்று மண்டியிட்டான்.

"மாமா! மன்னிச்சிடுங்க மாமா! தெருவே கையெழுத்துப் போட்டாச்சு... வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்ட விடமாட்டேன்னு நீங்க மட்டும்தான்... ஆத்திரத்துல தள்ளிட்டேன்!"

இன்ஸ்பெக்டரின் கை அவன் தோளில் விழுந்தது.

யீசுன் உள்ளே போய் பல்பைக் கழற்றி எடுத்து வந்தாள்.

"ஆவியும் இல்லை, ஒண்ணும் இல்லை, சார். பழைய வீடு. சுவிட்சுக்கு நியூட்ரல் ஒயரே வரலை. நேத்து ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டினேன். அதனால அணைச்சிருக்கும்போதும் அது பல்பு வழியாத்தான் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கும். இந்தக் குட்டி பல்பு அதுக்கு ஒத்துவராது, அணைச்சாலும் சிமிட்டும்னு கடைக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். இதையேதான் குடுங்கன்னு வாங்கினேன்."

"எ... என்னைச் சந்தேகப்பட்டியா?" போவெய்க்கு நாக்கு குழறியது.

"கண்ணை மூடிக்கிட்டே அந்தப் படி இறங்குவார் அப்பா. விழுந்தார்னா எப்படி நம்புறது?"

அவள் உடைந்து அழுதாள். அப்பாவைப் பறிகொடுத்த கண்ணீரோடு புருஷனைப் பறிகொடுத்த கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

"நீ இல்லைன்னு ஆகணும்னு சாமி சாமியா வேண்டிக்கிட்டேன், போவெய். 'மண்டு, பொருந்தாத பல்பை வாங்கிட்டு வந்திருக்கியே'ன்னு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா...? ஓடிப்போய் மாத்திட்டு வந்திருப்பேனே!"