கருப்புக் கல்லில் சாகாத கேமரா

"கூடப்பிறந்தவனே என் பொழப்புல மண்ணள்ளிப் போடறான். அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்றாள் ஸ்டூடியோக்காரி.

துப்பறிவாளர் செருப்பை மாட்டினார். அவருடைய மச்சினன் அதற்குள் தெருவில் இறங்கி நின்றான்.

ஸ்டூடியோ என்பது ஒரே அறை. விளக்குகள் கிடையாது, பெரிய ஜன்னல்தான் வெளிச்சம். வாசலில் தம்பியின் பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. காலையில் அவள்தான் கட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னாள். தம்பி சுவரோரம் கைகட்டி நின்றான்.

முக்காலியில் கேமரா, எதிரே வெள்ளைத் துணி மேல் ஒரு ஜாடி. கேமராவின் முதுகில், ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில், செங்கல் கனத்தில் ஒரு பழைய டிஜிட்டல் பேக். கார்டு போட இடமில்லை, சொந்த பேட்டரியும் இல்லை. லேப்டாப்பிலிருந்து ஒரே கேபிளில் அதற்குக் கரண்ட் வரும். எடுத்த படம் அதே வழியில் திரும்பிப் போகும். ஆனால் அது எடுக்கிற படத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு வேலையே வந்தது.

"நடுவுல பொசுக்குன்னு செத்துடுது" என்றாள் அவள். "கேபிளைப் பிடிக்கிறவன் இவன். 'கிழட்டைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு'ன்னு அனத்தறவனும் இவன்தான். ஜாடிக் கம்பெனிக்காரர் சாயங்காலம் படம் கேக்கறார். இல்லேன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

மச்சினன் கேபிளை விரல்விரலாகத் தடவினான். "மாமா, உள்ளுக்குள்ள அறுத்திருப்பான்."

"உள்ளுக்குள்ள அறுக்க அவன் என்ன எலியா? சும்மா இரு." துப்பறிவாளர் அவளிடம் திரும்பினார். "எப்பல்லாம் சாகுது?"

"வெள்ளைத் துணி விரிச்சு எடுக்கறப்ப."

"ஓரத்துல கிடக்கற அந்தக் கருப்புக் கல் மேல வச்சு எடுத்தா?"

அவள் யோசித்தாள். "ஒருநாளும் செத்ததில்ல."

"துணியில ஒரு சுருக்கம் இல்லையே. யாரு தேய்க்கறது?"

"நான்தான். இவன்கிட்ட குடுத்தா பொசுக்கிடுவான்."

"இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடா இருக்கு. லேப்டாப் திரை மட்டும் ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?"

அவள் பார்வை சுவருக்குப் போனது. இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். அதில் இஸ்திரிப் பெட்டி. லேப்டாப்பின் சார்ஜர் ஒயர் தரையில் கிடந்தது.

"நீங்கதாம்மா பிடுங்கறீங்க" என்றார் அவர். "துணி சூடு ஆறறதுக்குள்ள விரிக்கிற அவசரம், திருப்பிச் சொருக மறந்துடறீங்க. பேட்டரியில திரை எரியுதேன்னு யாரும் கவனிக்கல. தன் வயித்துக்கே பத்தாத பழைய லேப்டாப், கேமராவுக்கு எங்க சோறு போடும்? சாயங்காலம் பெட்டியை எடுத்து வச்சுட்டு சார்ஜரைச் சொருகுவீங்க. மறுநாள் கல் மேல எடுத்தா நல்லா ஓடும். கல்லை யாரும் தேய்க்கறதில்லையே."

அவளே போய்ச் சார்ஜரைச் சொருகினாள். திரை பளிச்சென்றது. கேமராவை எழுப்பி, ஷட்டரை அழுத்தினாள். ஒன்று, இன்னொன்று, அடுத்தது. ஜாடியின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் கம்பி மாதிரி நின்றது. எதுவும் சாகவில்லை.

தம்பியின் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"என்னத்தடா அடைச்சு வச்சிருக்க, இந்தக் கனம் கனக்குது."

"கிழட்டைத் தூக்கிப் போடுன்னு அப்பவே சொன்னேன்ல" என்றான் தம்பி, கேபிளைக் கையில் எடுத்தபடி. "இஸ்திரிப் பெட்டியத்தான் சொன்னேன்."